மற்றும் பல

முத்துப்பேட்டை எழுவர் கால்பந்துத் தொடர்,
மே மாதம், பத்து நாள், மின்னொளியில்.
பச்சை நோட்டீசில் பதினோரு அணிகளின் பெயர்.
அதற்குக் கீழே எறும்பு எழுத்தில்:
மற்றும் பல அணிகள்.

அந்தப் பலவில் ஒன்று நாங்கள்.
கோரைத்திட்டு.

எங்கள் மைதானத்துக்கு வருடத்தில் நாலு மாதம்தான் ஆயுசு.
சம்பா அறுத்த பிறகு
குத்தகைக்காரர் கண்டுகொள்ள மாட்டார்.
மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால்
பெனால்டி புள்ளியில் நாற்றங்கால்.
வெடிப்பில் விழுந்த பந்து எந்தப் பக்கம் எழும் என்று
பந்துக்கே தெரியாது.
அங்கே பழகிய கால்களுக்கு
முத்துப்பேட்டைப் புல்தரை
கேட்டவுடன் கடன் கொடுக்கிற ஆள் மாதிரி.
நம்பவே முடியவில்லை.

முதல் ஆட்டம் மதியம் மூன்று மணிக்கு.
மின்னொளி பெயர் உள்ளவர்களுக்கு.
உடை மாற்றத் தண்ணீர்த் தொட்டியின் பின்புறம்.
ஒலிபெருக்கியில் ஜெகபர் அலி
எங்களைக் கோரையாறு என்றார்,
பிறகு கோரைப்பள்ளம், பிறகு வெறும் நீலச் சட்டை.
அது சட்டைகூட இல்லை.
உரக்கடையில் சும்மா கொடுத்த பனியன்,
முதுகில் பொட்டாஷ் விளம்பரம்.

மூன்றுக்கு ஒன்று. ஜெயித்தோம்.
கை தட்டியவர் ஐஸ் வண்டிக்காரர்.

இரண்டாவதும் ஜெயித்தோம்.
குருட்டாம்போக்கு என்றார் கமிட்டியில் ஒருவர்,
எனக்குக் கேட்கட்டும் என்றே.
தண்ணீர் வாங்கப்போன தமிழ்வாணனிடம்
எந்த ஊரு என்றார்கள்.
சொன்னான்.
எந்தத் தெரு என்றார்கள்.
தாகமில்லை என்று திரும்பிவிட்டான்.

காலிறுதியில் தஞ்சாவூர்க் கல்லூரி.
அவர்களுக்கு வேன், கோச், குளுக்கோஸ் டப்பா.
எங்களுக்கு ஒரு குட்டி யானை, ஒரு குடம்,
ஏழு பேருக்கு ஐந்து ஜோடி பூட்ஸ்.
நாற்பதாவது நிமிடம் வரை ஒன்றுமில்லை.
பிறகு பக்கிரி,
பகலெல்லாம் கதிரறுக்கும் எந்திரத்தில் தொற்றி நிற்பவன்,
இடது மூலையிலிருந்து வெறுங்காலால் ஒன்று கிளப்பினான்.
அது வளைவதை
எதிர்க்கோடியில் எங்கள் கோல் கம்பத்தடியில் நின்று பார்த்தேன்.
சத்தம் எனக்கு அப்புறம்தான் வந்தது.

அரையிறுதி இரவு ஒன்பதுக்கு.
நாலு மூலையிலும் விளக்கு.
ஆளுக்கு நாலு நிழல் விழுந்ததும்
நிவாஸ் குனிந்து தன்னுடையதை எண்ணினான்.
ஆட்டம் சமன். டைபிரேக்கர்.
காரைக்கால் அணியின் ஐந்தாவது ஆள்
ஓடிவருமுன் என் கண்ணைப் பார்த்தான்.
நான் அவன் கணுக்காலைப் பார்த்தேன்,
வெடிப்பைப் பார்க்கிற மாதிரி.
பந்து என் விலாவில் பட்டுத் திரும்பியது.
இப்போதும் மழைக்கு முதல்நாள் அந்த இடம் சொல்லிவிடும்.

ஜெகபர் அலி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு
கயிற்றைத் தாண்டி வந்தார்.
தம்பி, ஊர்ப் பேரை ஒரு தடவை சரியாச் சொல்லுங்க.
சொன்னேன்.
இன்னொரு தடவை கேட்டார்.
அப்புறம் ஐந்து கொம்புகளிலும் சொன்னார்,
த்-ஐ அழுத்தி.

இறுதியில் தோற்றோம். இரண்டு பூஜ்யம்.
அதில் கதையில்லை, கால் தீர்ந்துபோயிருந்தது.
கேட்காமலே தண்ணீர் வந்தது,
குளிர்ந்த பாட்டில்கள், அட்டைப்பெட்டியோடு.
யாரும் ஊரைக் கேட்கவில்லை.
தெருவையும் கேட்கவில்லை.
தமிழ்வாணன் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தான்.
அவன் ஒரு மடக்கும் குடிக்கவில்லை.

கடைமடையில் இப்படித்தான்.
தண்ணீர் வந்துவிட்டது என்பார்கள்.
ஓடிப்போய் இறங்கினால்
கரண்டைக்கால்தான் நனையும்.
அதுவும் தண்ணீர்தான்.

இந்த வருடம் நோட்டீஸ் மஞ்சள்.
நாலாவது பெயர் எங்களுடையது.
கோரைதிட்டு என்று இருக்கிறது,
ஓர் ஒற்று விட்டுப்போய்.
அச்சகத்தில் கேட்டேன்.
அடுத்த தடவை அடிக்கிறோம் என்றார்கள்.
நாங்களும்.